மலைமீது தோன்றும் மர்ம ஒளிகள்

ஊரடங்கிய இராப்பொழுதிலே, தனிவழி நடந்து செல்லும் ஒருவன், தொலைவிலே தரைக்கு மேலாக ஓர் ஒளி மிதந்து வருவதைக் காண்கிறான். அஃது யாது? நம் கிராமத்து முதியோரைக் கேட்டால், 'கொள்ளிவாய்ப் பிசாசு' என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவர். ஒரு தலைமுறை கழித்து வந்தோரைக் கேட்டால், 'பறக்கும் தட்டு' என்பர். இன்றைய இளைஞரோ, 'யாரோ அனுப்பிய ஆளில்லா விமானம்' என்று சிறிதும் தயங்காமற் சொல்வர். காணப்படும் ஒளி ஒன்றேயாயினும் காலத்துக்குக் காலம் அதன் பெயர் மாறிவிடுகின்றது. இருளிலே தோன்றும் ஒளிக்குப் பெயர் சூட்டுவது பெரும்பாலும் அந்தந்தக் காலத்து அச்சமேயாகும்.

மலையுச்சிகளில் நின்று நோக்குவோருக்கு இத்தகைய ஒளிகள் அதிகமாகத் தென்படுகின்றன. மலைமேற் காற்று மெலிந்தது. தூசும் நீராவியும் குறைந்தது. அடிவானம் அங்கே தாழ்ந்து கிடக்கின்றது; சமவெளியில் மரமும் மனையும் மறைத்துவிடும் ஒளிகளெல்லாம் அங்கே கண்முன் வந்து நிற்கின்றன. எனவே மர்ம ஒளிகளின் வரலாறு பெரும்பாலும் மலைகளின் வரலாறாகவே இருப்பதில் வியப்பில்லை. அவ்வரலாற்றிலிருந்து நான்கு நிகழ்ச்சிகளை இவ்வாரம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். ஒன்றிலே பேரறிஞர் ஒருவர் ஏமாந்தார். மற்றொன்றிலே அவசரமான விடை ஒன்று வெள்ளத்தோடு போயிற்று. மூன்றாவதிலே இரு பெரும் நாடுகளின் எல்லை கலங்கிற்று. நான்காவதோ இன்றுவரை விடைபெறாத புதிர்.

நடனமாடிய நட்சத்திரங்கள்

ஆபிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்திலே தெனெரீபே என்றொரு தீவு உண்டு. ஸ்பெயின் நாட்டுக்குரிய அத்தீவின் நடுவே தெய்தே என்னும் எரிமலை 3,715 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கின்றது. 1799ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, தென்னமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஜெர்மானிய இளைஞர் ஒருவர் வழியில் அத்தீவில் இறங்கி, அம்மலைமீது ஏறினார். அவரே பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அலெக்சாந்தர் வொன் ஹம்போல்ட். அப்பொழுது அவருக்கு வயது 29. அவருடன் சென்றவர் எய்மே பொன்பிளான் என்னும் பிரெஞ்சுத் தாவரவியலார்.

மலைச்சரிவில் குளிரிலே இராப்பொழுதைக் கழித்துவிட்டு, ஜூன் 22ஆம் நாள் விடியுமுன்னரே தீப்பந்தங்களின் வெளிச்சத்தில் அவர்கள் மேலும் ஏறத் தொடங்கினர். அதிகாலை மூன்றரை மணியளவிலே கிழக்குத் திசையில் ஒரு விசித்திரக் காட்சி தோன்றிற்று. அடிவானத்துக்குச் சற்று மேலே, சிறு வாணங்களை எவரோ எறிந்தாற்போல, ஒளிப்புள்ளிகள் மேலெழுந்தன, பக்கவாட்டில் அசைந்தன, பின்னர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தன. ஏறக்குறைய எட்டு நிமிடங்கள் வரை இக்காட்சி நீடித்தது. யாரும் சுட்டிக்காட்டாமலே வழிகாட்டிகளும் இதனைக் கண்டு திகைத்தனர்.

தொலைவிலுள்ள லான்சறோத்தே தீவில் எரிமலை மீண்டும் வெடித்ததோ என்பதே ஹம்போல்ட்டின் முதல் ஐயம். அத்தீவிலே 1730 முதல் 1736 வரை எரிமலை ஓயாது கனன்றமை அவருக்குத் தெரிந்ததே. ஆயினும் அவர் அந்த ஐயத்தோடு நின்றுவிடவில்லை. கையிலிருந்த கோணமானியின் சிறு தொலைநோக்கியை எடுத்து, அவ்வொளிகளை உற்று நோக்கினார். அவை எரிமலையின் தீப்பொறிகளல்ல. வானத்து நட்சத்திரங்களேயென்று கண்டுகொண்டார். ஆனால் நட்சத்திரங்கள் ஆடுவதேன்? அடிவானத்துக் காற்றடுக்குகள் ஒளியை வளைத்துத் திருப்புவதனால் இவ்வாறு தோன்றுகின்றது என்று அவர் முடிவு செய்தார். பலரும் அதனை ஏற்றுக்கொண்டனர். 'நட்சத்திர ஊசலாட்டம்' என்று அதற்கு ஒரு பெயரும் வழங்கலாயிற்று.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1850களின் பிற்பகுதியிலே, மொஸ்கோவிலிருந்த சுவைற்சர் என்னும் வானியலறிஞர் மிக எளிய சோதனை ஒன்றைச் செய்தார். பலரை ஒரே நேரத்தில் ஒரே நட்சத்திரத்தை நோக்குமாறு செய்து, அது எத்திசையில் அசைகின்றதென ஒவ்வொருவரையும் வினவினார். ஒருவர் வலப்புறமென்றார்; மற்றவர் இடப்புறமென்றார். காற்றே நட்சத்திரத்தை ஆட்டுமாயின் அருகருகே நிற்பவர் அனைவருக்கும் ஒரே திசையிலன்றோ அது ஆடவேண்டும்? ஆட்டம் வானத்தில் இல்லை, நோக்குபவரிடமே உள்ளது என்பது இதனால் வெளிப்பட்டது.

இதன் காரணம் அறிய வேண்டியதொன்று. நம் கண்கள் ஒருகணமும் அசைவற்று இருப்பதில்லை. பகலிலே வீடும் மரமும் வேலியும் சூழ்ந்திருப்பதனால், அசைவது கண்ணா பொருளா என்பதை மூளை எளிதிற் பிரித்தறிகின்றது. கும்மிருட்டிலே தனியாக ஒளிரும் ஒரு புள்ளியை நெடுநேரம் நோக்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்றும் இல்லாமையால், நிலையாக நிற்கும் ஒளியே மிதப்பதாகவும் தாவுவதாகவும் நமக்குத் தோன்றுகின்றது. 1887ஆம் ஆண்டிலே ஔபேர்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதற்குத் 'தன்னியக்கத் தோற்றம்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே, இரவில் முன்செல்லும் விமானத்தின் விளக்கொன்றையே பார்த்துப் பறந்த விமானிகள் இத்தோற்றத்தினால் தடுமாறியமையால், அதனை ஆராய்வது உயிர்காக்கும் கடமையாயிற்று.

நேர்மையும் கூர்மையும் வாய்ந்த ஹம்போல்ட்டே இவ்வகையில் வழுக்கினாரெனின், சாதாரண மனிதராகிய நாம் எம்மாத்திரம்? ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். எரிமலையென்ற முதல் எண்ணத்தை அன்றே அவர் தாமே சோதித்துத் தள்ளிவிட்டார். அவர் விட்ட மீதிப் பிழையைப் பின்வந்தவர் திருத்தினார். அறிவு இவ்வாறுதான் படிப்படியாக மலையேறுகின்றது.

பிறவுண் மலையின் விளக்குகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட கரோலினா மாநிலத்திலே பிறவுண் மலை என்றொரு தாழ்ந்த நீண்ட மலைத்தொடர் உண்டு. அதற்கு மேலாக இரவிலே செந்நிறமாகவும் மஞ்சளாகவும் ஒளிகள் எழுந்து, சற்றே மிதந்து, மறைகின்றன என்னும் செய்தி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பத்திரிகைகளில் அடிபடலாயிற்று. காணாமற்போன எசமானைத் தேடி விளக்கேந்தி அலையும் ஓர் அடிமையின் ஆவியே அது என்ற கதையும், போரில் மாண்ட வீரரைத் தேடும் பெண்களின் ஆவி என்ற கதையும் அவ்வூரிலே வழங்கின. மக்கள் வற்புறுத்தவே, அரசாங்கத்தின் புவியியல் அளவைத் துறை 1913ஆம் ஆண்டிலே ஸ்டெறெற் என்பவரை அங்கு அனுப்பிற்று. பள்ளத்தாக்கிலே ஓடும் புகையிரதங்களின் முன்விளக்குகளே மலைக்கு மேலாகத் தென்படுகின்றன என்று சில நாள்களில் அவர் விடை கூறிச் சென்றார்.

விடை எளிமையானதே. ஆனால் 1916ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அப்பகுதியில் பெருவெள்ளம் வந்தது. பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. புகையிரதங்கள் வாரக்கணக்கில் ஓடவில்லை. ஒளிகளோ முன்போலவே தோன்றின! 'பார்த்தீர்களா, அரசாங்கத்தின் விஞ்ஞானம்!' என்று ஊரார் நகைத்தனர். ஆவிக்கதைகளுக்கு இரட்டிப்புப் பலம் உண்டாயிற்று.

1922ஆம் ஆண்டிலே அதே துறையைச் சேர்ந்த ஜோர்ஜ் மான்ஸ்பீல்ட் என்பவர் மீண்டும் வந்தார். இவர் வந்த வேகத்தில் விடை சொல்லவில்லை. தேசப்படம், அளவைப் பலகை, தொலைநோக்கி ஆகியவற்றைக் கொண்டு, ஊரார் ஒளி காணும் இடங்களிலேயே இராக்காலங்களில் அமர்ந்தார். ஒவ்வோர் ஒளியும் தோன்றும் திசையைத் தேசப்படத்தின் மீது கோடாக இழுத்தார். அக்கோடு எந்தச் சாலையை, எந்த இருப்புப் பாதையை, எந்தப் பட்டினத்தைச் சென்று தொடுகின்றது என நோக்கினார். இவ்வாறு கணக்கிட்டபோது அவருக்குக் கிடைத்த விடை ஒன்றல்ல, நான்கு. நூற்றுக்கு 47 வீதமான ஒளிகள் மோட்டார் வண்டிகளின் விளக்குகள்; 33 வீதம் புகையிரத விளக்குகள்; 10 வீதம் பட்டினங்களிலும் வீடுகளிலும் நிலையாக எரியும் விளக்குகள்; எஞ்சிய 10 வீதம் பற்றைக் காடுகளில் எரிந்த தீ. மலைகள் சூழ்ந்த அப்பள்ளத்தில் வெவ்வேறு அடர்த்தியுள்ள காற்றுப் படலங்களும் மூடுபனியும் தூசும் அவ்விளக்குகளின் நிறத்தையும் உருவத்தையும் மாற்றிக் காட்டின.

வெள்ளத்தின் மர்மமும் இதனால் விளங்கிவிட்டது. முதல்வர் கூறியது முழுப் பொய்யன்று. ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மெய். புகையிரதம் நின்றபோது அதன் விளக்கு நின்றது, மற்றவை நிற்கவில்லை. ஒரு புதிருக்கு ஒரே விடைதான் இருக்கவேண்டும் என்று நாம் எண்ணிக்கொள்வதே பல வேளைகளில் நம்மை வழிதவறச் செய்கின்றது. அரைகுறையான மெய், பொய்யைக் காட்டிலும் மூடநம்பிக்கைக்கு உரமிடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

எல்லைக் காவலரை மிரட்டிய இரு சுடர்கள்

இனிச் சொல்லப்போவது அண்மைக் காலத்து நிகழ்ச்சி. வேடிக்கையாகத் தோன்றினும் உள்ளே விபரீதம் மறைந்திருந்தது.

இமயத்துக்கு அப்பால் லடாக் என்னும் உயர்நிலம் பரந்து கிடக்கின்றது. அங்கே கடல்மட்டத்துக்கு மேல் 4,200 மீற்றருக்கு அதிகமான உயரத்திலே பாங்கோங் என்னும் நீண்ட உப்பேரி உண்டு. ஏரியின் மேற்குப் பகுதி இந்தியாவின் வசமும், கிழக்குப் பகுதி சீனாவின் வசமும் உள்ளன. 1962ஆம் ஆண்டிலே இரு நாடுகளும் போரிட்ட நிலம் அது. இன்றுவரை எல்லை அங்கே முடிவாக வரையப்படவில்லை; 'மெய்யான கட்டுப்பாட்டுக் கோடு' என்ற ஒன்றை வைத்துக்கொண்டு இரு தரப்புப் படைகளும் ஒன்றையொன்று கண்விழித்துக் காவல் புரிகின்றன. உறைபனியும் மெலிந்த காற்றும் சூழ, உறக்கமின்றி நிற்கும் காவலனின் நிலையை வாசகர்களே எண்ணிப் பாருங்கள்.

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல் 2013ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வரை, அக்காவலர்கள் கிழக்கு அடிவானத்தில் பிரகாசமான ஒளிகள் எழுவதையும், அவை மெல்ல மெல்ல நகர்ந்து தம் தலைக்கு மேலாக வருவதையும் கண்டனர். இவ்வாறு கண்டதாகப் பதிவு செய்யப்பட்டவை 329 தடவைகள் எனப் பின்னர் பத்திரிகைகள் வெளியிட்டன. அவற்றுள் 155 தடவை அவ்வொளிகள் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்ததாகவும் குறிக்கப்பட்டிருந்தது. சீனாவின் ஆளில்லா வேவு விமானங்களே இவை என்ற ஐயம் எழுந்ததில் என்ன வியப்பு? கதிரலைக் கருவி கொண்டு தேடியபோதோ வானத்தில் எதுவும் அகப்படவில்லை. இதனால் ஐயம் தணியவில்லை. கருவிக்கும் அகப்படாத அதிநுட்பப் பொறியோ என்று வளரவே செய்தது.

இந்நிலையில்தான் பெங்களூரிலுள்ள இந்திய வான்பௌதிக நிறுவகத்தாரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இந்நிறுவகம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1792ஆம் ஆண்டிலே அமைந்த சென்னை வானாய்வு நிலையமே இதன் மூலவேர். 1899இல் கொடைக்கானல் மலையிலே சூரியனை ஆராயவென அமைக்கப்பட்ட நிலையம் அதன் வளர்ச்சி. சூரியக் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்பவர் 1909ஆம் ஆண்டில் கண்டறிந்தது அங்கேதான். தமிழ்நாட்டின் காவலூரிலும், லடாக்கிலேயே 4,500 மீற்றர் உயரத்தில் ஹன்லே என்னுமிடத்திலும் இந்நிறுவகம் தொலைநோக்கிகளை நிறுவியுள்ளது. மலைமேலிருந்து வானத்தைப் பார்ப்பதையே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்டவர்களிடம் கேள்வி சென்றடைந்தது.

ஒளி நகரும் விதத்தை வானத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு நோக்கிய அவர்கள் தந்த விடை இதுதான்: ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி!

இதனை நாமும் சற்றுச் சிந்தித்தால் விளங்கும். 2012ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் வியாழக்கிரகம் சூரியனுக்கு நேரெதிர்த் திசையில் நின்றது. அவ்வாறு நிற்கும் காலத்திலே அது மாலையில் கிழக்கே உதித்து, இரவு முழுவதும் வானத்தைக் கடந்து, விடியலில் மேற்கே மறையும். வெள்ளியோ அவ்வாண்டின் பிற்பகுதியில் விடிவெள்ளியாக அதிகாலைக் கிழக்கிலே சுடர்விட்டது. வானத்து விண்மீன்களுள் மிகப் பிரகாசமானது சீரியஸ். அதனைவிட வியாழன் மும்மடங்குக்கு மேலும், வெள்ளி பத்து மடங்குக்கு மேலும் ஒளிமிக்கன. பாங்கோங் ஏரிக்கரையில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்திலிருப்பதில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 வீதமே. தூசற்ற, ஈரமற்ற அந்த மெல்லிய காற்றினூடே அவை எவ்வளவு பக்கத்தில் நிற்பனபோல் தோன்றியிருக்கும்!

இன்னுமொரு நுட்பம் உண்டு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் வானத்துச் சுடர்களெல்லாம் கிழக்கே உதித்து மேற்கே செல்லும். அக்காவலருக்குக் கிழக்கே இருப்பது எது? எதிர்த்தரப்பு நிலம். ஆகவே ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு சுடரும் அந்நிலத்திலிருந்து புறப்பட்டு, எல்லையைத் தாண்டி, தம் பக்கம் வருவதாகவே அவர்களுக்குத் தோன்றும். எல்லைக்கோடுகளை மனிதன் மண்ணிலே கீறிக்கொண்டான். வியாழனுக்கும் வெள்ளிக்கும் அக்கோடு எங்கே தெரியும்?

இச்செய்தி வெளிவந்தபோது உலகப் பத்திரிகைகள் நகைத்தன. நமக்கோ நகைக்கத் தோன்றவில்லை. 2013ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், அதே லடாக்கின் தெப்சாங் வெளியிலே இரு நாட்டுப் படைகளும் மூன்று வாரங்கள் எதிரெதிரே கூடாரமடித்து நின்றன. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே கல்வான் பள்ளத்தாக்கில் இரவிலே நிகழ்ந்த கைகலப்பில் இந்திய வீரர் 20 பேர் மாண்டனர். தம் பக்கத்தில் நால்வர் மாண்டதாகச் சீனாவும் பின்னர் அறிவித்தது. அத்தகைய எல்லையிலே, விடிவெள்ளியை எதிரியின் விமானமென நம்பிய ஒருவனின் விரல் துப்பாக்கி விசையிலே சற்று அழுந்தியிருந்தால் விளைவு என்னாகும்? 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது பழமொழி. அரண்டவன் கண்ணுக்கு ஒளிர்வதும் பேயே.

ஆனால் அங்கே நிகழ்ந்தது யாது? காவலர்கள் கண்டதைப் பதிவு செய்தனர். மேலிடத்தார் அதனை ஏளனம் செய்து தள்ளவில்லை. ஆத்திரப்பட்டு எதிர்வினை ஆற்றவுமில்லை. தெரிந்தவர்களைக் கேட்டனர். அந்தக் கேள்வி ஒன்றினால் பெரும் அபாயம் ஒன்று விலகியிருக்கலாம். காவலன் பொய் கூறவில்லை. அவன் ஒளியைக் கண்டது மெய்யே. பிழைத்தது கண்ணன்று, அந்த ஒளிக்கு இட்ட பெயர்தான்.

விடை பெறாத பள்ளத்தாக்கு

எல்லா ஒளிகளுக்கும் விடை கிடைத்துவிட்டதா என்று மாணவ நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை. நோர்வே நாட்டின் நடுப்பகுதியிலே ஹெஸ்தாலன் என்னும் சிறு பள்ளத்தாக்கு உண்டு. அங்கு வாழ்வோர் ஏறக்குறைய 150 பேரே. 1981ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல், வெள்ளையாகவும் மஞ்சளாகவும் செந்நிறமாகவும் ஒளிகள் மலைச்சரிவுகளின் அருகே தோன்றலாயின. சில கணப்பொழுதில் மறைந்தன. சில ஒரு மணி நேரத்துக்கு மேலும் நின்றன. 1984 வரையான காலத்தில் வாரத்துக்கு 15 முதல் 20 வரையான ஒளிகள் காணப்பட்ட வேளைகளும் உண்டு.

1984ஆம் ஆண்டு ஜனவரி, பெப்ரவரி மாதங்களிலே, கொடுங்குளிரில், எர்லிங் ஸ்ட்ராண்ட் முதலிய ஆய்வாளர்கள் ஒளிப்படக் கருவிகளுடனும், கதிரலைக் கருவியுடனும், காந்தமானியுடனும் அங்கே முகாமிட்டனர். 53 தடவை ஒளிகள் பதிவாயின. 1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல் தானாக இயங்கும் நோக்கு நிலையம் ஒன்றும் அங்கே நிறுவப்பட்டது. பதிவானவற்றுள் பல, வாகன விளக்குகளும் விமானங்களும் கிரகங்களுமே என்று தெளிந்தாயிற்று. அவற்றை நீக்கிய பின்னரும் ஒரு சிறு மீதி நிற்கின்றது. பள்ளத்தாக்கின் ஒருபுறத்துப் பாறைகளில் செம்பும், மறுபுறத்தில் துத்தநாகமும் இரும்பும் மிகுந்திருக்க, நடுவே கந்தகம் கலந்த ஆறு ஓடுவதால், இயற்கையே அங்கொரு மின்கலத்தை அமைத்திருக்கின்றது என்பது ஒரு கருத்து. காற்றிலே மிதக்கும் நுண்தூசு எரிகின்றது என்பது இன்னொரு கருத்து. எதுவும் இன்னும் நிலைநாட்டப்படவில்லை.

'இன்னும் தெரியவில்லை' என்று சொல்வது விஞ்ஞானத்துக்கு இழுக்கன்று. தெரியாததைத் தெரியாதெனச் சொல்லிவிட்டு அடுத்த இரவும் கருவியோடு காத்திருப்பவனே ஆராய்ச்சியாளன். தெரியாத இடத்திலே பேயை நிறுத்துபவனும், வேற்றுக்கிரக மனிதரை நிறுத்துபவனும், ஆராயாமலே 'எல்லாம் வெறும் பிரமை' என்று சொல்பவனும் ஒரே தவற்றையே செய்கின்றனர்.

நீங்கள் கண்டால் என்ன செய்வீர்கள்?

இன்றைய வானத்திலே முன்னோர் காணாத ஒளிகளும் உலவுகின்றன. சர்வதேச விண்வெளி நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில், மினுக்காத வெள்ளை ஒளியாகச் சில நிமிடங்களில் வானத்தைக் கடந்து, பூமியின் நிழலுள் நுழைந்ததும் திடீரென மறையும். 2019ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஸ்டார்லிங் என்னும் செய்மதிகள் கூட்டங்கூட்டமாக ஏவப்படுகின்றன. ஏவிய சில நாள்களில் அவை மணிமாலை கோத்தாற்போல் வரிசையாகச் செல்வதைக் கண்டு, உலகின் பல பாகங்களிலும் மக்கள் மிரண்டிருக்கின்றனர். எனவே வீட்டார் கூடி நின்று வானத்தில் ஓர் ஒளியைச் சுட்டிக்காட்டும் நாள் உங்களுக்கும் வரலாம். அன்று பின்வருவனவற்றைச் செய்து பாருங்கள்.

முதலாவது, நேரத்தையும் திசையையும் உடனே எழுதிவையுங்கள். கையை முழுவதும் நீட்டி மடித்துப் பிடித்த முட்டியின் அகலம் வானத்திலே ஏறக்குறைய 10 பாகை. ஒளி அடிவானத்துக்கு மேல் எத்தனை முட்டி உயரத்தில் உள்ளதெனக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒளியைத் தனியே பார்க்க வேண்டாம். கூரை விளிம்பையோ தென்னை மரத்தையோ அதற்கு அருகே வருமாறு நின்று, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு பாருங்கள். ஹம்போல்ட் கண்ட ஆட்டம் இவ்வாறு நோக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மணிக்கு 15 பாகை வீதம் அது மேற்கு நோக்கிச் செல்லுமாயின், வானத்துச் சுடரென்றே கொள்ளலாம்.

மூன்றாவது, இருவர் சேர்ந்து பார்க்கும்போது பேசிக்கொள்ளாமல் வெவ்வேறாக எழுதுங்கள். பின்னர் ஒப்பிடுங்கள். அண்ணன் 'இடப்புறம்' என்றும் தங்கை 'வலப்புறம்' என்றும் எழுதியிருந்தால், மொஸ்கோவில் கிடைத்த அதே விடை உங்கள் முற்றத்திலும் கிடைத்துவிட்டது.

நான்காவது, மறுநாளும் அதே இடத்தில் நின்று பாருங்கள். விண்மீனாயின் முதல்நாளைவிட ஏறக்குறைய 4 நிமிடம் முந்தி அதே இடத்துக்கு வரும். கிரகமும் சிறிதே வேறுபடும். வேவு பார்க்க வரும் எந்த விமானமும் இத்துணை ஒழுங்காக நேரம் தவறாது வருவதில்லை!

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தனர். தெனெரீபே மலையிலும், பிறவுண் மலையிலும், லடாக்கின் பனிவெளியிலும் அறிஞர்கள் கண்டறிந்தது இதற்கு மேல் ஒன்றுமில்லை. அடுத்த முறை சிறுவன் ஒருவன் ஓடிவந்து, 'வானத்தில் ஏதோ வெளிச்சம் வருகின்றது' என்று சொன்னால், 'பேசாமல் உள்ளே போ' என்று அவனை அதட்டாதீர்கள். 'ஐயோ, அது பிசாசு' என்று மிரட்டவும் வேண்டாம். அவன் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்குச் செல்லுங்கள். 'எந்தத் திசை? எத்தனை மணி?' என்று கேளுங்கள். அந்த இரு கேள்விகளோடு அவனுடைய அச்சம் ஆராய்ச்சியாக மாறத் தொடங்கிவிடும்.